கேஷுவாலிட்டி வாசலில் முதல் ஆள்

தருமபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்கு நல்லம்பள்ளி தாண்டிச் சற்று நேரத்தில் தொப்பூர் கணவாய் வந்துவிடும். தேசிய நெடுஞ்சாலை 44 அங்கே வளைந்து வளைந்து இறங்குகிறது. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டு வரும் லாரியும், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன லாரியும் முன்னால் நிற்கும் கார்களை நசுக்கிய கதை இந்தத் தாலுகாவில் எல்லோருக்கும் தெரியும். 2020 டிசம்பரில் நெரிசலில் நின்ற வாகனங்கள் மீது ஒரு லாரி மோதி நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் மறுபடியும் நான்கு பேர். சாலையின் வளைவு, சரிவு, மேம்பாலம் பற்றியெல்லாம் நிறையப் பேசியாயிற்று. அங்கே அடிபட்டவரை 108 ஆம்புலன்ஸ் கொண்டுபோய் இறக்கும்போது முதலில் கை வைக்கும் மருத்துவர் யார், அவர் தூங்கி எத்தனை மணி நேரம் ஆகிறது என்பது பற்றிப் பேச்சு குறைவு. இதே கேள்வியை இலங்கையின் ஏ9 வீதியோரத்து வைத்தியசாலையில் கேட்டால் வேறு பதில் வரும்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008-இல் வந்தது. கல்லூரி இருக்கும் ஆஸ்பத்திரியில் சி.ஆர்.ஆர்.ஐ. இருப்பார்கள். ஊர் வழக்கில் ஹவுஸ் சர்ஜன். நாலரை ஆண்டு எம்.பி.பி.எஸ். முடித்து, ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியில் இருப்பவர்கள். 2021 விதிகளின்படி அந்த ஓராண்டில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒதுக்கியிருப்பது இரண்டே வாரம். ஆனால் சர்ஜரியில் இருந்தாலும் ஆர்த்தோவில் இருந்தாலும் அந்தந்த யூனிட்டின் அட்மிஷன் நாளில் கேஷுவாலிட்டிக்குக் கூப்பிடுவார்கள், போகத்தான் வேண்டும். டியூட்டி டாக்டர் ஒருவர், முதுநிலை மாணவர்கள் சிலர், இவர்களுக்கு முன்வரிசையில் ஹவுஸ் சர்ஜன். தமிழ்நாட்டின் பெரிய அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இதுதான் அமைப்பு.

அவர் செய்கிற வேலையில் ஒன்றை மட்டும் அருகில் போய்ப் பார்ப்போம். விபத்து கேஸ் என்றால் ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவு போட வேண்டும். பெயர், வயது, தகப்பனார் பெயர், விலாசம், அங்க அடையாளம் இரண்டு, கூட்டி வந்தவர் யார், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்த வாகனம் மோதியதாகச் சொல்கிறார்கள், ஒவ்வொரு காயமும் எத்தனை சென்டிமீட்டர் நீளம், அகலம், சாராய வாடை இருந்ததா, நினைவு இருந்ததா என்று எல்லாம் அதில் வர வேண்டும். இரண்டு ஆண்டு கழித்துக் கோர்ட்டில் இந்தத் தாளைத்தான் விரிப்பார்கள். பொறுப்பும் கையெழுத்தும் டியூட்டி டாக்டருடையவை. காயத்தை அளந்து சொல்வதும் எழுத உதவுவதும் பெரும்பாலும் ஹவுஸ் சர்ஜன். நான்கு பேர் ஒரே நேரத்தில் வந்து இறங்கும் இரவில், ஒருவர் ரத்தத்தை அழுத்திப் பிடித்திருக்க, மற்றவர் மச்சத்தைத் தேடிக்கொண்டிருப்பார். போலீஸுக்குத் தகவலும் அங்கிருந்துதான் போக வேண்டும். ஸ்ட்ரெச்சர் தள்ளுவதும் ரத்த சாம்பிளைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடுவதும் பல இடங்களில் அவர் தலையில்தான் விழுகின்றன.

இலங்கையில் இந்தக் காகிதம் பிரிந்து போகிறது. அங்கே பொலிஸார் சட்ட மருத்துவப் பரிசோதனைப் படிவத்தைக் கொடுக்கிறார்கள். சட்ட வைத்திய அதிகாரியோ அந்த வேலைக்கென்றே இருக்கும் வைத்தியரோ நோயாளி தேறியபின் விடுதிக்கே வந்து காயங்களைப் பார்த்துப் பதிகிறார். அவசரப் பிரிவில் நிற்பவர் சிகிச்சைக் குறிப்பைச் சரியாக எழுதினால் போதும். இதைத் தமிழ்நாடு அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். உயிர் ஊசலாடும் முதல் கால் மணி நேரத்தில் மருத்துவரின் கண் காயத்தில் இருக்க வேண்டும், ஸ்கேலில் இருக்கக் கூடாது.

வாசலில் நிற்கும் ஆளும் அங்கே வேறு. இலங்கையில் ஐந்தாண்டுப் படிப்பு முடிந்து, தகுதி வரிசைப்படி சுகாதார அமைச்சு நியமிக்கும் உள்ளகப் பயிற்சி ஆறு ஆறு மாதமாக இரண்டு பிரிவுகளில் நடக்கும். பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, குழந்தை நலம், மகப்பேறு போன்றவற்றில் ஏதாவது இரண்டு. உள்ளகப் பயிற்சி வைத்தியர் இருக்குமிடம் விடுதி. அவசர சிகிச்சைப் பிரிவைப் பார்ப்பவர், பயிற்சி முடித்து முழுப் பதிவும் பெற்ற வைத்திய அதிகாரி. அனுபவம் ஓராண்டே கூட என்றாலும், தன் பெயரில் முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. நெஞ்சுக்குள் குழாய் போடலாமா என்று மூன்றாம் மாடியில் இருப்பவருக்குப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. தமிழ்நாட்டு ஹவுஸ் சர்ஜன் ஓராண்டில் போடும் தையலுக்கும் பார்க்கும் தலைக்காயத்துக்கும் கணக்கில்லை. எல்லாப் பிரிவுகளையும் சுற்றி வந்துவிடுகிறார். மகப்பேறும் குழந்தை நலமும் பார்த்த இலங்கை வைத்தியர், விபத்தில் சிதைந்த காலை அதிகம் பார்க்காமலேயே ஒரு தூரத்து ஆதார வைத்தியசாலையின் அவசரப் பிரிவில் போய் நிற்க நேரலாம். கைப்பழக்கம் இங்கே, அதிகாரம் அங்கே. இரண்டும் ஒரே ஆளிடம் சேராததால் நஷ்டப்படுகிறவர் ஸ்ட்ரெச்சரில் கிடப்பவர்.

அமைப்பு என்று பார்த்தால் தமிழ்நாடு கடந்த சில ஆண்டுகளில் நன்றாகவே முன்னேறியிருக்கிறது. விபத்து, அவசர சிகிச்சைத் திட்டமான ‘டே’ வந்தபின் நோயாளிகளை ஆபத்தின் அளவுப்படி சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துப் பார்க்கும் முறை மாவட்ட ஆஸ்பத்திரிகள் வரை இறங்கியிருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. இலங்கையின் 1990 சுவசெரிய ஆம்புலன்ஸ் சேவையே 2016-இல் இந்திய நன்கொடையில், இங்கே 108-ஐ நடத்திய நிறுவனத்தின் துணையோடு தொடங்கியதுதான்.

நேரக் கணக்குதான் என்னை உறுத்துகிறது. ஹவுஸ் சர்ஜனோடு நிற்கும் முதுநிலைப் பயிற்சி மருத்துவருக்கு வாரத்துக்குச் சாதாரணமாக 48 மணி நேரம், ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் இல்லை என்று 1992-லேயே மத்திய அரசின் உத்தரவு இருக்கிறது. முப்பதாண்டு கழித்து, 2024-இல், தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு அவர்களுக்கு வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 48 என்று உத்தரவு இருந்த நாட்டில் 74 சலுகையாகத் தெரிகிறது என்றால் நடைமுறை எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று ஊகிக்கலாம். அதே ஆண்டு ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட மருத்துவர், நீண்ட பணிக்கு நடுவே கருத்தரங்கு அறையில் கண்ணயரப் போனவர். படுக்க ஓர் அறை இல்லாதது அன்றுதான் நாட்டின் கண்ணில் பட்டது.

இலங்கையில் பயிற்சி வைத்தியருக்கும் மேலதிக நேரக் கொடுப்பனவு உண்டு. அதற்கு உச்சவரம்பு இருக்கிறது, செய்த வேலை முழுவதற்கும் காசு வருவதில்லை. பயிற்சி வைத்தியர்கள் இரவும் பகலும் விடுதியிலேயே கிடக்கிறார்கள் என்பதும் உண்மை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்கள் வெளிநாடு போகப் போக, மிஞ்சியவர்களின் சுமை இன்னும் கூடியது. ஆனாலும் மணி நேரம் தாளில் ஏறுகிறது, ஒருவர் கையெழுத்திட்டு உறுதி செய்கிறார். 2025 வரவுசெலவுத் திட்டம் அந்தக் கணக்கு முறையில் கை வைத்தபோது அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் உடனே எதிர்த்து எழ முடிந்தது, ஏனென்றால் பேசுவதற்கு ஓர் எண் இருந்தது. இங்கே உதவித்தொகை மாதத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாக வருகிறது. 60 மணி நேரம் பார்த்தாலும் 100 மணி நேரம் பார்த்தாலும் ஒரே தொகைதான், எந்தப் பதிவேட்டிலும் வித்தியாசம் தெரியாது. வருகைப் பதிவில் ‘பிரசென்ட்’ என்று ஒரு கையெழுத்து, அவ்வளவே.

நெடுஞ்சாலையோரத்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலாவது இரண்டு காரியம் உடனே செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். இரவு எட்டு முதல் காலை எட்டு வரை சிவப்புப் பகுதியில் முழுப் பதிவு பெற்ற மருத்துவர் இடம்விட்டு நகராமல் இருக்க வேண்டும். ஹவுஸ் சர்ஜன் அவர் பக்கத்தில் நின்று கை பழகட்டும். பணிப் பட்டியலில் வந்த மணி, போன மணி என்று இரண்டு கட்டம் சேர்த்து, மாதக் கடைசியில் அந்தக் கூட்டுத் தொகையைக் கண்காணிப்பாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஏ.ஆர். புத்தகத்தில் நோயாளி வந்த நிமிடம் வரைக்கும் எழுதப் பழகிய இடத்துக்கு இது பெரிய வேலை இல்லை. 1992 உத்தரவின் 48-ஐத் தாண்டும் எண்கள் அதில் ஏறத் தொடங்கினால், எத்தனை மருத்துவர் பணியிடம் குறைகிறது என்று சென்னைக்கு எழுத அந்தப் பக்கங்களே ஆதாரமாகும்.