வளியை ஆளுதல்: புறநானூற்று 66ஆம் பாட்டின் உரை பற்றியோர் ஆய்வு

கரிகால் வளவனை வெண்ணிக் குயத்தியார் பாடிய புறநானூற்று 66ஆம் பாட்டு, அவன் முன்னோன் ஒருவன் பெருங்கடலிற் கலம் செலுத்தியகாலை வளியைத் தொழில்கொண்டு ஆண்டான் எனத் தொடங்குகின்றது. இதற்குப் பழைய உரைகாரர், காற்றின்மையால் நாவாய் ஓடாது நின்றதாகவும், அவ்வழி அவன் காற்றுக்குரிய தெய்வத்தை அழைத்து ஏவல் கொண்டதாகவும் பொருள் விரிக்கின்றார். அவ்வுரை முழுதும் ஏற்கத்தக்கதா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

பாய்க்கலத்துக்குப் புயலே அன்றிக் காற்றின்மையும் இடர் என்பதை உரைகாரர் செவ்வனே உணர்ந்தார். அசையாது நின்ற கலம் பாட்டில் இல்லை; அஃது அவர் உய்த்துணர்ந்து தந்தது. ஆயின், அவ்விடர் தீர்க்கத் தெய்வத்தை வருவித்தமை மிகையாம். 'ஆளுதல்' என்னுஞ் சொல் ஏவுதலை மட்டுமன்றி, ஒன்றைப் பயன்கொள்ளுதலையும் குறிக்கும். கருவியை ஆளுதல், சொல்லை ஆளுதல் என்பன காண்க. எனவே, காற்றெழும் காலம் அறிந்து, அதுவரை காத்திருந்து, எழுந்தவழிக் கலம் செலுத்துதலே வளியை ஆளுதல் என யாம் கொள்கின்றோம்.

இதற்குச் சென்னையின் வடகரை தக்க சான்று. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய கரைகளில், பாய்விரித்த கட்டுமரங்கள் வைகறையில் நிலக்காற்றொடு புறப்பட்டு, நண்பகலில் எழும் கடற்காற்றொடு மீண்டன. கடல் நீரோட்டமோ ஆண்டின் முற்பகுதியில் வடக்கு நோக்கியும் ஐப்பசிக்குப்பின் தெற்கு நோக்கியும் திரும்புவது. இவ்வூர்க் கடலின் ஏற்றவற்றம் பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவினதே. எனினும் மணல் தூர்ந்த எண்ணூர்க் கழிமுகத்தில் அச்சிறு வேறுபாடே படகு கடக்கும் பொழுதை உறுதிசெய்யும். துறைமுகம் அமையுமுன், சென்னைக்கு வந்த கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள் அலை தணியும் பொழுது நோக்கியே கரைக்கும் கப்பலுக்கும் இடையே சென்றன. 1876இல் தொடங்கிய துறைமுகத்தின் கற்சுவர்களை 1881 நவம்பர்ப் புயல் சிதைத்தது. பொறிப்படகுகள் மிகுந்த இந்நாளினும், துறைமுகத்தில் புயற்கூண்டு ஏறியவழிக் காசிமேட்டுப் படகுகள் கரையிலேயே காத்திருக்கின்றன.

கரிகாலனையே பாடிய பட்டினப்பாலையில், பரதவர் உவா நாளிற் கடல்வேட்டம் செல்லாது உண்டு விளையாடுதல் கூறப்படுகின்றது. அது வழிபாட்டோடு இயைந்த ஓய்வென்பது பாட்டாலேயே விளங்கும். உவா நாள் கடலேற்றம் மிகும் நாளுமாம். இவ்வியைபு ஒன்றுகொண்டே ஏற்றத்திற்கு அஞ்சித் தங்கினர் எனத் துணிதல் பொருந்தாது. ஆயினும், செல்லும் நாளும் செல்லா நாளும் வகுத்து வாழ்ந்த ஒரு குடியைப் புலவர் அறிந்திருந்தார் என்பது தெளிவு.

ஈண்டு ஒரு தடை எழலாம். முன்னோன் பெருமை தெய்வத்தன்மை உடையதாயின் அன்றோ பாட்டின் முடிபு சிறக்கும் என்பர். அம்முடிபு யாது? வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனை நோக்கியே, புறப்புண் நாணி வடக்கிருந்த சேரன் அவனினும் நல்லன் அன்றோ எனப் புலவர் வினவுகின்றார். தெய்வ ஆற்றலையும் மானுட நாணத்தையும் ஒரே நிறைகோலில் இடல் இயலாது. இரண்டும் மானுடப் பண்பாயின் அன்றி ஒப்புமைக்கே இடமில்லை. காற்று வரும்வரை அடங்கியிருந்து வென்றவன் வழித்தோன்றலுக்கு, உயிர் நீங்கும்வரை அடங்கியிருந்தவனை உயர்த்திக் காட்டுதலே அப்பாட்டின் நயம். அடக்கத்தின் முன் அடக்கமே நிறுக்கப்படுகின்றது.

தெய்வத்தை வருவித்த உரையால் இந்நயம் மறைகின்றது. அதனோடு, கலஞ்செலுத்திய மாக்களின் அறிவும் மறைகின்றது. நெய்தல் நில மக்களின் காத்திருத்தலை இரங்கல் என்னும் உரிப்பொருளோடு மட்டும் சார்த்திக் காண்போர், அதனைத் தொழிலாகவும் காணல் வேண்டும். பழைய உரைகாரர் கண்ட 'நின்ற கலம்' நமக்கு வேண்டும். அவர் அழைத்த தெய்வம் வேண்டா.