காப்பாரும் உடையாரும்

பொருட்காட்சிச் சாலையார் தம்பாலுள்ள பழம்பொருள்களுட் சிலவற்றைத் தனியார்க்கு விற்று, அப்பணத்தால் ஏனையவற்றைப் பேணலாம் என்பார் உளர். அக்கூற்று ஆராயற்பாலது.

கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள சின்னமனூரிற் கிடைத்த செப்பேடுகள், முற்பாண்டியர் மதுரையிற் சங்கம் நிறுவியமையும் பாரதத்தைத் தமிழாக்கியமையும் கூறுவன. அவை கற்றோரால் படிக்கப்பெற்றுத் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியில் அச்சேறியமையானன்றோ அச்செய்தியை நாடறிந்தது? செல்வர் ஒருவர் பேழையிற் புகுந்திருப்பின் அது மறைந்தே போயிருக்கும். அச்சேறியபின் ஏட்டை விற்றால் இழுக்கென்னை எனின், வாசகத்தில் ஐயம் பிறந்துழி மூலத்தையே நோக்கல் வேண்டுமாதலின், அதுவும் பொருந்தாது.

திருமேனிகளின் திறம் இதனினும் பெரிது. இற்றைத் திருவாரூர் மாவட்டத்துப் பத்தூரில் 1976-இல் மண்ணினின்று வெளிப்பட்ட கூத்தப்பெருமான் திருமேனி, விலைப்பட்டு இலண்டன் சென்றது. கனடா நாட்டு நிறுவனமொன்று தான் விலைகொடுத்தமை காட்டி வழக்காடிற்று. 1991-இல் ஆங்கு மேல்முறையீட்டு மன்றம், கோயிலே உரிமை கேட்டு வழக்காடத் தகுதியுடையதெனக் கொண்டது. திருமேனியும் அவ்வாண்டே தாயகம் மீண்டது.

விலைகொடுத்தாரே உடையார் ஆகாதபோது, காக்கப் பெற்றார் விற்குமாறு எங்ஙனம்? காத்தல் அரிதாயின் உரிய இடத்திற் சேர்ப்பித்தலே முறை, விற்றல் முறையன்று.