விலை பேசப்பட்ட இல்லறம்

1996ஆம் ஆண்டில் ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் தொடங்கப்பெற்று, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தன் ஆலைக்கு இடம் கண்டது. அதே ஆண்டில்தான், கேயார் இயக்கத்தில் ராம்கி, ஊர்வசி, குஷ்பு நடித்த ‘இரட்டை ரோஜா’ திரைக்கு வந்தது. இவ்விரண்டிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும், ஏரியும் வயலுமாய் இருந்த அந்நிலப்பகுதியில் பணம் வந்து இறங்கத் தொடங்கிய வேளையில், பணம் ஓர் இல்லறத்தை என்ன செய்யும் என்று ஒரு திரைப்படம் கேட்டது. அக்கேள்வியை இன்று மீண்டும் எண்ணிப் பார்ப்பது பயனுடையது.

கதை நம்மிடையே பிறந்ததன்று. 1994இல் எஸ்.வி. கிருஷ்ணா ரெட்டி தெலுங்கில் எடுத்த ‘சுபலக்னம்’ தமிழில் ‘இரட்டை ரோஜா’வாகவும், 1997இல் இந்தியில் ‘ஜுதாயி’யாகவும் உருமாறியது. நேர்மையாக உழைத்து, அளவோடு ஊதியம் பெறும் கணவன். அண்டை வீட்டாரின் செழிப்பைக் கண்டு மனம் புழுங்கும் மனைவி. அவனை விரும்பும் ஒரு செல்வப் பெண். அவள் பெருந்தொகை ஒன்றைத் தர முன்வருகிறாள். மனைவி கணவனை விட்டுக்கொடுக்கிறாள். வீடும் நகையும் வந்து சேர்கின்றன. கணவனோ மெல்ல மெல்ல அவளுக்கு அந்நியனாகிப் போகிறான்.

நகைச்சுவையில் கைதேர்ந்த ஊர்வசிக்கு மனைவி வேடம் தரப்பட்டது பொருத்தமே. பேராசை கொடிய முகத்தோடு வருவதில்லை. சிரிப்பும் சிணுங்கலுமாய், ‘பிள்ளைகளுக்காகத்தானே’ என்ற சமாதானத்தோடு வருகிறது. இதனை உணர்த்தியதே இக்கதையின் வலிமை.

ஆயினும் இக்கதையின் நீதி ஒருதலைப்பட்சமானது. 1993இல் வெளிவந்த அமெரிக்கப் படமான ‘இன்டீசன்ட் ப்ரொபோசல்’ இங்கே ஒப்புநோக்கத் தக்கது. கடனில் சிக்கிய தம்பதியரிடம் ஒரு கோடீசுவரர், மனைவியோடு ஓர் இரவுக்குப் பத்து இலட்சம் டாலர் தருவதாகச் சொல்கிறார். கணவனும் மனைவியும் சேர்ந்தே இசைகின்றனர்; ஆகவே குற்ற உணர்வும் இருவருக்கும் பொதுவாகிறது. நம் கதையிலோ பழி முழுவதும் மனைவியின் தலையில் விழுகிறது. விலை கொடுத்து வாங்கியவள் காதலியாகப் போற்றப்படுகிறாள். விலைபோன கணவன் குற்றமற்றவனாக நிற்கிறான். விற்றவள் மட்டும் தண்டனை பெறுகிறாள். விற்பவர் பாவி என்றால், வாங்குபவர் யார்?

இன்னுமொன்று. கணவனுக்கு விலை வைத்ததைக் கண்டு திரையரங்கில் நாம் அதிர்ந்தோம். ஆனால் மாப்பிள்ளைக்கு விலை பேசுவது நமக்குப் புதிதா? வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. அதன் பின்னும் பெண் பார்க்கும் கூடத்தில் பவுனும் ரொக்கமும் வண்டியும் பேசப்படுகின்றன. நம் பங்குகளின் திருமணங்களும் இதற்கு விலக்கல்ல. பேரம் முடிந்த பின்னரே பலர் பீடத்தின் முன் வந்து நிற்கிறோம். கதையின் மனைவி செய்தது, நாம் பெற்றோராக இருந்து செய்வதன் மறுபக்கமே. இதனை ஒரு காட்சியிலேனும் இப்படம் உணர்த்தியிருப்பின், அது நம் மனச்சான்றைத் தொட்டிருக்கும்.

இளங்கோவடிகள் இதனினும் ஆழ்ந்து பார்த்தவர். சிலப்பதிகாரத்தில் மாதவியின் மாலைக்கு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் என விலை கூறப்படுகிறது. கோவலன் அதனை வாங்குகிறான். பொருளனைத்தும் இழந்து திரும்புகின்ற அவனுக்குக் கண்ணகி தன் சிலம்பைத் தருகிறாள். பொன்னால் குலைந்த இல்லறம், கணக்குப் பாராத ஒரு கொடையினால் மீள முயல்கிறது. கோவலனின் தவற்றையும் அடிகளார் மறைக்கவில்லை.

இனி, இன்றைய ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் நோக்குவோம். இங்கே சோதனை பெட்டி நிறையப் பணமாய் வருவதில்லை. நிலம் விற்ற தொகையாய், மிகைநேர ஊதியமாய், மாதத் தவணையாய் வருகிறது. கணவன் இரவு ஷிப்டிலும் மனைவி பகல் ஷிப்டிலும் இருக்க, ஒரே கூரையின் கீழ் இருவரும் முகம் பார்த்துப் பேச நேரமில்லாத வீடுகள் உண்டு. 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் நின்றபோது, அந்த ஊதியத்தை நம்பி வகுத்த வாழ்வுகள் ஆட்டம் கண்டன. ஃபாக்ஸ்கானின் ஐபோன் ஆலையில் மணமான பெண்கள் வேலைக்குத் தவிர்க்கப்படுவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதனை மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. உண்மை எதுவாயினும், வேலையா, திருமணமா என்று ஒரு பெண் தேர்ந்துகொள்ள நேருமாயின், அதுவும் இல்லறத்திற்கு விலை பேசுவதேயன்றோ!

பணம் தீயதன்று. கூரை வீட்டைக் கல்வீடாக்கியதும், முதல் தலைமுறைப் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பியதும் அதே ஊதியந்தான். ஆகவே ‘ஆசைப்படாதே’ என்று மனைவியரை மட்டும் எச்சரிக்கும் கதைகள் நமக்குப் போதா. எவ்வளவு போதும் என்பதனைக் கணவனும் மனைவியும் ஒருங்கே அமர்ந்து முடிவு செய்யும் கதை நம் திரையில் இன்னும் வரவேண்டும். அதற்கு முன், அந்த உரையாடல் இன்றிரவு நம் வீட்டில் நிகழுமா?