தொடுகையும் தோற்றமும்: ஆழக் கமரா பற்றி ஒரு விமர்சன நோக்கு

கருவிகளுக்கு இடப்படும் பெயர்கள், அவை செய்யாத வேலையையும் சில வேளைகளில் அவற்றின் கணக்கில் எழுதிவிடுகின்றன. கணனித்துறையில் 'தொடுகை' என்னும் சொல்லுக்கு நேர்ந்ததும் இதுவே. 2010ஆம் ஆண்டிலே மைக்ரோசொப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த அன்ட்ரூ வில்சன், ஆழக் கமராவைத் தொடுகையை உணரும் கருவியாகப் பயன்படுத்தும் முறையை விளக்கி ஆய்வுக் கட்டுரையொன்றை வெளியிட்டார். அம்முயற்சியின் பெறுமதியை மறுப்பது நமது நோக்கமன்று. அது தொடுகை எனக் குறிப்பிடுவது உண்மையில் யாது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாதாரண கமரா ஒளியையும் நிறத்தையும் பதிவுசெய்யும். ஆழக் கமராவோ, தான் காணும் ஒவ்வொரு புள்ளியும் தன்னிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதைப் பதிவுசெய்கிறது. 2010 நவம்பரில் விளையாட்டுச் சாதனமாக விற்பனைக்கு வந்த கினெக்ட், கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ்க் கதிர்ப் புள்ளிகளாலான கோலமொன்றை வீசி, அக்கோலம் பொருள்கள்மீது இடம்பெயர்ந்து விழும் அளவைக் கொண்டு இத்தூரத்தைக் கணித்தது. வில்சனின் முறை எளிமையானது. மேசைக்கு மேலே கமரா பொருத்தப்படுகிறது. வெறும் மேசையின் தூரம் புள்ளிதோறும் முதலிற் பதிவாகிறது. பின்னர் மேசைப்பரப்புக்குச் சற்று மேலே இரண்டு எல்லைகள் வகுக்கப்படுகின்றன. கீழெல்லை அளவீட்டிலுள்ள தளம்பலை விலக்குவதற்கானது. மேலெல்லை விரலின் தடிப்பைக் கருதியது. இவ்விரு எல்லைகளுக்குமிடையே தோன்றுவது தொடுகின்ற விரல் எனக் கொள்ளப்படும்.

இங்குதான் நாம் சற்று நிதானிக்க வேண்டியுள்ளது. மேலிருந்து நோக்கும் கமரா விரலின் புறத்தையும் நகத்தையுமே காண்கிறது. தொடுகை நிகழ்வதோ விரலின் அடியில். அவ்விடம் கமராவுக்கு என்றும் மறைவானது. எனவே விரலின் தடிப்பு இவ்வளவாக இருக்கும் என முன்னரே கொண்டு, அதிலிருந்து தொடுகை உய்த்துணரப்படுகிறது. மெல்லிய விரலையுடைய குழந்தை மேசையைத் தொடாது சற்று மேலே விரலை நிறுத்தினாலும் அது தொட்டதாகவே கணிக்கப்படலாம். மெதுவாக வைத்த விரலுக்கும் வலிந்து ஊன்றிய விரலுக்கும் வேறுபாடு தோன்றுவதில்லை. நமது தருக்க நூலார் காண்டல், கருதல் என அளவைகளை வேறுபடுத்துவர். அவர்தம் வகுப்பின்படி இங்கு தொடுகை காணப்படுவதன்று, கருதப்படுவதாகும்.

இதற்கு முந்திய முயற்சியொன்றை ஒப்புநோக்குதல் பயன்தரும். 1990களின் தொடக்கத்தில், கேம்பிரிட்ஜில் இயங்கிய செரொக்ஸ் ஆய்வுகூடத்திலே பியர் வெல்னர் என்பார் 'டிஜிற்றல் டெஸ்க்' என்னும் மேசையை உருவாக்கினார். கமராவும் ஒளியெறிகருவியும் மேசைக்கு மேலே அமைந்திருந்தன. ஆயின் விரல் மேசையைத் தட்டியதை அறிய, ஒலிவாங்கியொன்றின் துணையை அவர் நாடினார். கண்ணால் அறிய இயலாததைச் செவியால் அறிய முயன்ற அவ்வேற்பாடு பண்படாததாகத் தோன்றலாம். எனினும், விரலும் மரமும் உண்மையாகவே மோதியதன் விளைவை அது பற்றிக்கொண்டது. தூரத்தை மட்டும் அளக்கும் பிற்காலக் கருவிக்கு அந்த விளைவோடு தொடர்பில்லை.

வில்சனுக்கு நாம் அநீதி இழைத்தலாகாது. தொடுதிரைகளின் நுட்பத்தைத் தமது முறை எட்டுமென அவர் உரிமை பாராட்டவில்லை. பரப்பினுள் எக்கருவியையும் பதிக்க வேண்டியதில்லை. பரப்பு தட்டையாக இருக்க வேண்டியதுமில்லை. பரப்புக்கு மேலேயுள்ள கையின் வடிவத்தையும் அறியலாம் என்பனவே அவர் எடுத்துக்காட்டிய சிறப்புகள். இவை பார்வையின் சிறப்புகளேயன்றித் தொடுகையின் சிறப்புகளல்ல என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

இவ்வுண்மையை நன்கு பயன்படுத்திய படைப்பாக, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் உருவான மணற்பெட்டியைக் கூறலாம். மாணவர் மணலைக் குவித்தும் தோண்டியும் மலையும் பள்ளத்தாக்கும் அமைப்பர். மேலேயுள்ள கினெக்ட் மணலின் உயரத்தை அளக்க, ஒளியெறிகருவி அதன்மீது சமவுயரக் கோடுகளையும் நிறங்களையும் வீழ்த்தும். மணலுக்கு மேலே கையை விரித்தால் ஒளியாலான மழை பெய்து, நீர் பள்ளம் நோக்கி ஓடும். இங்கே கமரா தொடுகையை உணர்வதாகப் பாவனை செய்யவில்லை. கைக்கு வேண்டிய எதிர்ப்பையும் பாரத்தையும் மணல் தருகிறது. கமரா பார்ப்பதை மட்டும் செய்கிறது.

இதற்கு மாறான நிலையையும் காணலாம். மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஹிரோஷி இஷியியின் குழுவினர் 2013இல் 'இன்ஃபோம்' என்னும் மேசையை அமைத்தனர். அதில் எழுந்து தாழும் 900 ஊசித்தண்டுகள் இருந்தன. ஒருவரது கையசைவை ஆழக் கமரா அறிந்து அனுப்ப, அத்தண்டுகள் கையின் வடிவில் எழுந்து மேசையிலுள்ள பந்தை உருட்டின. காண்போர் வியந்தனர். ஆயினும் அப்பந்தை உருட்டியவரது கை அதன் பாரத்தை அறியவில்லை. செயல் நிகழ்ந்தது, செய்தவருக்கு அதன் அனுபவம் கிட்டவில்லை.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. குயவர் களிமண்ணின் பதத்தையும், சத்திரசிகிச்சை நிபுணர் தசையின் இறுக்கத்தையும், தையற்காரர் துணியின் தரத்தையும் விரலாலேயே அறிகின்றனர். விரல் எங்கே உள்ளது என்பதை மட்டுமே தொடுகை என வரையறுத்துவிட்டு, அவ்வரையறையைக் கொண்டு தொழிற்பயிற்சிக் கருவிகளை அமைப்போமாயின், கையின் அசைவைப் பாவனை செய்யக் கற்பித்தவராவோமேயன்றிக் கையின் அறிவைக் கற்பித்தவராகோம். கினெக்டின் உற்பத்தி 2017இல் நிறுத்தப்பட்டது. ஆழக் கமராவோ வேறு வடிவங்களிற் பரவியே வருகிறது. இனி ஆழக் கமராவைக் கொண்டு ஆய்வு செய்ய முற்படும் மாணவர், தமது அமைப்பிலே பார்ப்பது எது, எதிர்ப்பைத் தருவது எது என்னும் வினாக்களை முதலில் எழுப்புவாராக. இரண்டாவது வினாவுக்கு விடை இல்லையெனின், அவ்வமைப்புக்குத் தொடுகை என்னும் பெயர் பொருந்தாது.