மடைப்பள்ளத்து விரால்

சங்கரன்கோவில் வட்டாரத்துக் குளங்கள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியவை. மறுகால் பாய்ந்த குளம்கூடப் பங்குனியில் உள்வாயிலிருந்து ஒடுங்கத் தொடங்கி, சித்திரையில் மடையை ஒட்டிச் சுருங்கிவிடும். மீன் பிடிக்க ஊர் காத்திருப்பது இந்த நாட்களுக்காகத்தான். பிடிக்கும் முறையைவிட, எங்கே நிறுத்துகிறோம் என்பதே இதில் முக்கியம் என்று நினைக்கிறேன்.

தேடும் திறமையை முதலில் பாராட்ட வேண்டும். முழங்கால் அளவுத் தண்ணீர் நண்பகலில் சூடேறும். சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறையும். கெண்டை வகைகள் ஆழம் தேடி, மடையை ஒட்டிய மடைப்பள்ளத்துக்குப் போய்விடும். விராலின் தலைக்குள் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு உண்டு. அதனால் கோரையும் பாசியும் மண்டிய மேட்டுத் தண்ணீரிலேயே அது தங்கும். அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும். அந்தச் சிறு சுழிப்பைக் கண்டவர் தவளை கோத்த தூண்டிலை அங்கே போடுவார். இல்லையென்றால் மேலும் கீழும் திறந்த மூங்கில் கூடையான ஊத்தாவைச் சேற்றில் அழுத்தி, மேல்வாய் வழியே கைவிட்டுத் துழாவுவார். சிறியது சிக்கினால் அப்போதே விட்டுவிடலாம். வலையால் இந்த அளவுக்குப் பார்த்துப் பிடிக்க முடியாது.

பங்கீட்டிலும், ஊர் கூடிப் பிடிக்கும் முறைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. சிங்கம்புணரி, பொன்னமராவதி பக்கம் நடக்கும் மீன்பிடித் திருவிழாக்களில் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊரே கண்மாயில் இறங்கும். கையில் காசில்லாத வீட்டிலும் அன்று மீன் குழம்பு கொதிக்கும். மீன்பிடி உரிமையை ஏலம் விடும் குத்தகைக் குளத்தில் அதற்கு இடமில்லை. ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விடுகிறார். இவை தேங்கிய நீரில் இனம் பெருக்காதவை. 1957இல் மீன்வள அறிஞர் ஹீராலால் சௌத்ரி ஒடிசாவில் பிட்யூட்டரிச் சாற்றை ஊசி போட்டு இவ்வகை மீன்களை முட்டையிட வைத்த பிறகுதான் பண்ணைக் குஞ்சு தாராளமாகக் கிடைக்க வழி பிறந்தது. குஞ்சை விலைக்கு வாங்கிவிடலாம் என்றானபின், குளத்திலேயே தாய்மீன் தங்க வேண்டுமே என்ற கவலை நமக்கு விட்டுப்போனது. விராலுக்கு அந்தக் கவலை இன்னும் தேவை.

குறைகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. நூற்றுக்கணக்கான கால்கள் சேற்றைக் கலக்கும்போது, யாரும் பிடிக்காத பொடிமீன்கள் செவுள் அடைத்துச் சாகின்றன. சிவந்த குஞ்சுத் திரளைக் காத்து நிற்கும் விரால், கிட்டே வரும் எதையும் பாய்ந்து கடிக்கும். அதைத் தூண்டிலில் எடுப்பது மிக எளிது. எடுத்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். இதைத் திறமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குளத்தை ஒட்ட வழித்தெடுத்தாலும் எல்லா மீனுக்கும் ஒரே இழப்பு நேர்வதில்லை. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். சில மாதங்களிலேயே பருவமடையும். நாலைந்து தப்பினாலும் குளத்தை நிரப்பிவிடும். விரால் அத்தனை வேகமாகப் பெருகுவதில்லை. இப்படி ஆண்டுதோறும் வழிக்கும் குளத்தில் ஜிலேபி மிஞ்சி, விரால் அருகிப்போகிறது.

"வைகாசியில் எப்படியும் வற்றும் குளம்தானே, விட்டுவைத்தால் கொக்குக்குத்தானே?" என்று கேட்பார்கள். சிறிய குளங்களைப் பொறுத்தவரை இது சரியான கேள்வி. முழுக்கக் காயும் குளத்தில் கடைசி மீன்வரை பிடிப்பதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் மடைப்பள்ளத்திலோ, கரம்பை அள்ளிய குழியிலோ அடுத்த மழைவரை தண்ணீர் நிற்கும் பெரிய குளங்களுக்கு இந்த வாதம் பொருந்தாது. அங்கே எஞ்சும் சில விரால்கள்தான், புதுத்தண்ணீர் வந்ததும் மேட்டில் ஏறிக் கோரைக்குள் முட்டையிடுகின்றன. அந்தப் பள்ளத்தையும் மோட்டார் வைத்து இறைத்துப் பிடிப்பதை எந்த வழக்கத்தின் பெயராலும் ஏற்க முடியாது.

ஏல நிபந்தனைகளில் ஒன்றை மட்டும் கூட்டினால் போதும்: மடைப்பள்ளத்தில் வலையோ மோட்டாரோ இறங்கக் கூடாது. குத்தகைதாரருக்கு இதனால் இழப்பு உண்டு. அவருடைய பெரிய கட்லாக்கள் கடைசியில் ஒதுங்குவதும் அங்கேதான். ஆகவே அந்த அளவுக்கு ஏலத்தொகையைக் குறைத்துக் கொடுப்பதே முறை. குறையும் தொகையை ஊர்ப் பொதுச்செலவாகக் கணக்கில் எழுதலாம்.