746 ஓட்டு வாங்கி எம்.பி. ஆனவர்

பழைய தொகுதிகளின் உறுப்பினர் பட்டியலைப் படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. ஆண்டு, பெயர், கட்சி. அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் நூறு வருஷ அரசியல் புரிந்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி வரும். அந்தத் திருப்தியை நம்பக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அயர்லாந்தின் டிப்பரேரி தொகுதி.

1801இல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைக்கப்பட்டதிலிருந்து 1885 வரை இருந்த தொகுதி இது. ஒரு முழு மாவட்டம், இரண்டு உறுப்பினர்கள். இதன் பட்டியலில் 1870களுக்கு வந்தால், ஹோம் ரூல் கட்சிக்காரர்கள் நடுவே திடீரென்று ஒரு பெயர்: ஸ்டீபன் மூர், கன்சர்வேடிவ், 1875 முதல் 1880 வரை. பட்டியலை மட்டும் பார்ப்பவர் என்ன நினைப்பார்? 1875இல் டிப்பரேரிக்காரர்கள் கொஞ்சம் மனசு மாறி ஒரு கன்சர்வேடிவுக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார்கள், ஐந்து வருஷம் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள் என்றுதானே?

நடந்தது வேறு. மூருக்குக் கிடைத்தது 746 ஓட்டு. எதிரே நின்றவருக்கு 3,114. நான்கு மடங்குக்கும் மேல் வாங்கியவர் பட்டியலில் இல்லை, 746 வாங்கியவர் இருக்கிறார்.

இதைப் புரிந்துகொள்ள ஆறு வருஷம் பின்னால் போக வேண்டும். 1869இல் டிப்பரேரி உறுப்பினர் சார்லஸ் மூர் இறந்து இடைத்தேர்தல் வந்தது. லிபரல் தரப்பில் டெனிஸ் கால்ஃபீல்டு ஹெரான். வக்கீல், கத்தோலிக்கர், கத்தோலிக்கர் என்பதாலேயே இளம் வயதில் டிரினிட்டி கல்லூரியின் ஸ்காலர் இடம் மறுக்கப்பட்டவர். அதாவது வில்லன் இல்லை. அவருக்கு எதிராக நிறுத்தப்பட்டவர் ஜெரமையா ஓ'டோனவன் ராஸா. அப்போது அவர் இங்கிலாந்துச் சிறையில் ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த ஃபீனியன் கைதி. அதற்கு முந்தைய வருஷம் 35 நாள் கையைப் பின்னால் கட்டி விலங்கு போட்டு வைத்திருந்தார்கள், அந்த ஆள்.

ராஸாவுக்கு 1,131, ஹெரானுக்கு 1,028. கைதி ஜெயித்துவிட்டார்.

தேசியவாத வரலாறுகளில் இந்த வெற்றியை 'டிப்பரேரியே எழுந்து நின்றது' என்கிற தொனியில் சொல்வது வழக்கம். இங்கே எனக்குக் கொஞ்சம் தயக்கம். மொத்தம் பதிவானது 2,159 ஓட்டுதான். 1875இல் பதிவானது 3,860. அப்படியென்றால் 1869இல் ஓட்டுள்ளவர்களில் பெரிய கூட்டம் வீட்டிலேயே இருந்துவிட்டது. தவிர, ஓட்டு யாருக்கு? 1850 சட்டப்படி மாவட்டத் தொகுதியில் 12 பவுண்டு மதிப்புள்ள நிலமாவது வைத்திருக்கும் ஆண்களுக்கு. ஃபீனியன் இயக்கத்தின் உயிர்நாடியாக இருந்த கூலிக்காரன், கடைச் சிப்பந்தி, சின்னக் குத்தகைக்காரன், இவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டே கிடையாது. ஆக, 'டிப்பரேரி எழுந்தது' என்பதைவிட, நடுத்தர விவசாயிகளில் ஒரு பகுதி துணிந்து எழுந்தது என்றால் சரியாக இருக்கும்.

ஆனால் 'துணிந்து' என்ற சொல்லை விட்டுவிடவும் முடியாது. ரகசிய வாக்கெடுப்புச் சட்டம் வந்ததே 1872இல்தான். 1869இல் ஓட்டுப் போடுகிறவன் எல்லார் முன்னாலும் வாய்விட்டுப் பெயரைச் சொல்ல வேண்டும். நிலச்சுவான்தாரின் ஏஜென்ட் காதில் விழும், பாதிரியார் காதிலும் விழும். 1,131 பேர் சிறையில் இருக்கும் ஒரு ராஜத்துரோகியின் பெயரை அப்படிச் சொன்னார்கள். எண்ணிக்கை சின்னதுதான், எடை அதிகம். இரண்டையும் சேர்த்துச் சொல்லாத எந்த வரலாறும் பாதி வரலாறு என்பது என் கட்சி.

1870 பிப்ரவரியில் பாராளுமன்றம் ராஸாவின் தேர்வு செல்லாது என்று தீர்மானம் போட்டது. கிளாட்ஸ்டன் பிரதமர். தண்டனை பெற்ற குற்றவாளி, தண்டனையும் நடந்துகொண்டிருக்கிறது, எனவே தேர்ந்தெடுக்கப்படவே தகுதியில்லை. இடம் காலி, மறுபடி தேர்தல். ஒன்றைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டாவதாக வந்த ஹெரானிடம் சீட்டைத் தூக்கிக் கொடுக்கவில்லை. அவரும் திரும்பப் போட்டியிட வேண்டியிருந்தது.

இந்த முறை எதிரே சார்லஸ் கிக்ஹாம். முல்லினஹோன் ஊர்க்காரர், நாவலாசிரியர், உடல்நிலை காரணமாகச் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட ஃபீனியன். ராஸா கார்க் மாவட்டத்துக்காரர், இவர் உள்ளூர்ப் பிள்ளை. இரண்டு தேர்தலுக்கும் நடுவே ஜனவரியில் ரோமிலிருந்து ஃபீனியன்களைப் பெயர் சொல்லிக் கண்டித்து ஆணை வந்திருந்தது. கத்தோலிக்க மாவட்டத்தில் அது சின்ன விஷயமில்லை. முடிவு: ஹெரான் 1,668, கிக்ஹாம் 1,664. நாலே நாலு ஓட்டு.

பட்டியலில் இது 'ஹெரான், லிபரல், 1870' என்று ஒரு வரி. என்னைக் கேட்டால் டிப்பரேரியின் தேர்தல் வரலாற்றிலேயே அதிகம் பேச வேண்டிய வரி இது. ரோமின் கண்டனத்துக்குப் பிறகும் ஃபீனியன் வேட்பாளருக்கு ராஸாவைவிட 533 ஓட்டு கூடியிருக்கிறது. ஹெரானுக்கு அதைவிட அதிகம் கூடியது, அதனால் தோற்றார்கள். முதல் தடவை வீட்டில் இருந்தவர்கள் இந்தத் தடவை இரண்டு பக்கமும் வெளியே வந்தார்கள். ஜெயித்த 1869ஐவிடத் தோற்ற 1870இல் அந்த இயக்கம் பலமாக இருந்தது. ஆனால் ஜெயிப்பைத்தானே எல்லாரும் எழுதுவார்கள்!

சரி, 1875.

சார்லஸ் வைட் ராஜினாமா செய்து ஓர் இடம் காலியானது. இப்போது நிறுத்தப்பட்டவர் ஜான் மிச்செல். 1848இல் ராஜத்துரோகக் குற்றத்துக்கு 14 வருஷம் நாடு கடத்தப்பட்டு, பெர்முடா, பிறகு டாஸ்மேனியா என்று கொண்டுபோகப்பட்டு, 1853இல் அங்கிருந்து தப்பி அமெரிக்கா போனவர். தன் சிறைக்குறிப்புகளால் ஒரு தலைமுறையையே ஆட்டிவைத்தவர். அதே ஆள் அமெரிக்காவில் அடிமை முறையை வெளிப்படையாக ஆதரித்தவர். சும்மா ஒத்துப்போனவர் அல்ல, வரிந்து கட்டிக்கொண்டு எழுதியவர். உள்நாட்டுப் போரில் தெற்குப் பக்கம் நின்று இரண்டு மகன்களைப் பறிகொடுத்தார். இதைச் சொல்லாமல் மிச்செலைப் பற்றி உருகுகிற கட்டுரைகளைப் படித்தால் எனக்கு எரிச்சல் வரும். பிரிட்டிஷ் அரசிடம் தன் இனத்துக்கு நியாயம் கேட்ட மனிதர், இன்னொரு இனத்துக்கு அதே நியாயம் உண்டு என்று ஒத்துக்கொள்ளவே இல்லை. ஆனாலும் அவருக்கு ஓட்டுப் போடும் உரிமை டிப்பரேரிக்காரர்களுக்கு இருந்ததா என்பது தனிக் கேள்வி. பிடிக்காத வேட்பாளரை வைத்துத்தான் அந்தக் கேள்வியைச் சோதிக்கவும் முடியும்.

பிப்ரவரி 16, போட்டியின்றி மிச்செல் தேர்வு. இரண்டே நாளில் பாராளுமன்றம் செல்லாது என்றது. இப்போது பிரதமர் டிஸ்ரேலி. மிச்செல் தரப்பின் வாதம் என்னவென்றால், 14 வருஷம் 1862லேயே முடிந்துவிட்டது. அரசின் பதில்: தண்டனையை அனுபவித்து முடிக்கவில்லை, மன்னிப்பும் பெறவில்லை, தப்பித்து ஓடினவருக்குக் காலண்டர் கணக்கு செல்லாது. சட்டப்படி இந்தப் பதிலில் பெரிய ஓட்டை இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 11, மறுதேர்தல். மிச்செல் மறுபடி நின்றார். இந்தத் தடவை எதிரே ஸ்டீபன் மூர். முடிவைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே. ஒன்பதே நாளில், மார்ச் 20 அன்று, மிச்செல் நியூரியில் இறந்துபோனார். அவருடைய மைத்துனரும் மீத் தொகுதி எம்.பி.யுமான ஜான் மார்ட்டின் அந்தச் சாவுக்குப் போய் உடம்புக்கு முடியாமல் அடுத்த சில நாளில் தானும் இறந்தார். அதனால் காலியான மீத் தொகுதியில் ஏப்ரலில் ஜெயித்து முதன்முதலாகப் பாராளுமன்றத்துக்குள் போனவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல். இந்தச் சங்கிலியை முதல் முறை கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இறந்துவிட்டார், இடம் காலி, இன்னொரு தேர்தல் என்றுதானே எதிர்பார்ப்போம். இல்லை. மூர் மனு போட்டார். தேர்தல் மனுக்களை 1868லிருந்து பாராளுமன்றக் கமிட்டிகளிடமிருந்து எடுத்து நீதிபதிகளிடம் கொடுத்திருந்தார்கள். டப்ளின் நீதிமன்றம் சொன்னது: மிச்செலுக்குத் தகுதி இல்லை என்பது ஊரறிந்த செய்தி. தெரிந்தே அவருக்குப் போட்ட ஓட்டுகள் குப்பையில் எறியப்பட்ட ஓட்டுகள். அவற்றைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது மூரின் 746. மூரே உறுப்பினர்.

என் சண்டை இந்தத் தர்க்கத்தோடுதான். வாக்காளனுக்கு விஷயம் தெரியாமல் இருந்தால் அவன் ஓட்டுக்கு மரியாதை உண்டு, தேர்தல் ரத்தாகி அவன் மறுபடி போடலாம். தெரிந்து போட்டால் அவன் வீட்டில் தூங்கியதாகக் கணக்கு. அதாவது விவரம் தெரிந்தவன் ஓட்டுக்கு மதிப்புக் குறைவு. மார்ச் 11இல் 3,114 பேர் என்ன செய்தார்கள் என்பதில் குழப்பமே இல்லை. இந்த மனிதர் பாராளுமன்றத்தில் உட்கார முடியாது என்று தெரியும், தெரிந்தேதான் போடுகிறோம் என்று அவர்கள் ஓட்டால் பேசினார்கள். அந்தப் பேச்சின் முழு அர்த்தமும் 'தெரிந்தே' என்பதில் இருக்கிறது. நீதிமன்றம் அந்த ஒரு சொல்லையே எடுத்து அவர்களுக்கு எதிராகத் திருப்பிவிட்டது.

எதிர்வாதம் இருக்கிறது, பலமானதுதான். இப்படி ஒரு வழி இல்லாவிட்டால் தொகுதி தேர்ந்தெடுக்க, சபை ரத்து செய்ய, திரும்பத் திரும்ப மோதிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 1769இல் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் தொகுதியில் ஜான் வில்க்ஸ் விவகாரத்தில் அதுதான் நடந்தது. கடைசியில் 1,143 ஓட்டு வாங்கிய வில்க்ஸை விட்டு 296 வாங்கிய லட்ரெல்லுக்குச் சபை இடத்தைக் கொடுத்தது. 1782இல் அதே சபை வெட்கப்பட்டு அந்தத் தீர்மானத்தைத் தன் பதிவேட்டிலிருந்தே நீக்கியது. வில்க்ஸைத் தடுத்தது சபையின் கோபம், மிச்செலைத் தடுத்தது சட்டம், இரண்டும் ஒன்றல்ல என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மிச்செல் விஷயத்தில் முடிவில்லாத மோதல் என்ற பயத்துக்கே இடமில்லை. ஆள்தான் இறந்துவிட்டாரே! மே மாதத்தில் இன்னொரு தேர்தல் வைத்திருந்தால் யாருக்கும் எந்தச் சங்கடமும் வந்திருக்காது.

இன்னொரு விசித்திரம். பிப்ரவரியில் மிச்செலுக்கு எதிராக யாராவது ஒருவர் பேருக்கு நின்றிருந்தால், மூருக்குக் கிடைத்த அதே வாதம் அவருக்கும் கிடைத்திருக்கக்கூடும். போட்டி இல்லாததால்தான் மறுதேர்தல். அதாவது இந்த விதிப்படி, முழுத் தொகுதியும் ஒரே பக்கம் நின்றால் மறுபடி தேர்தல். பத்தொன்பது சதவீதம் எதிர்ப் பக்கம் நின்றால், அந்தப் பத்தொன்பது சதவீதமே தொகுதி.

1877இல் டிப்பரேரியின் இன்னோர் உறுப்பினர் இறந்து இடைத்தேர்தல் வந்தபோது அதே வாக்காளர்கள் அனுப்பியது எட்மண்ட் ட்வையர் கிரே என்ற ஹோம் ரூல்காரரை. மனசு மாறியதாகத் தெரியவில்லை.

இந்த விதி டிப்பரேரியோடு சாகவில்லை. 1955இல் வட அயர்லாந்தில் சிறையிலிருந்த இரண்டு குடியரசுவாதிகள் ஜெயித்தார்கள். ஃபெர்மனா தெற்கு டைரோனில் ஃபிலிப் கிளார்க்கின் இடம் தோற்ற யூனியனிஸ்டுக்குப் போனது. மிட் அல்ஸ்டரில் டாம் மிச்செல் ஜெயித்து, ரத்தாகி, இடைத்தேர்தலில் மறுபடி ஜெயித்தார். இடம் தோற்ற சார்லஸ் பீட்டிக்குப் போனது. அப்புறம் பார்த்தால் பீட்டி அரசுப் பதவி வகித்ததால் அவருக்கே தகுதி இல்லை! 1967இல் சட்டத்திலிருந்து அந்தப் பழைய குற்ற வகையே நீக்கப்பட, கூடவே இந்தத் தடையும் போனது. அதனால்தான் 1981இல் பாபி சாண்ட்ஸ் சிறையிலிருந்தே நின்று, ஜெயித்து, உறுப்பினராகவே இறக்க முடிந்தது. அவர் இறந்த சில வாரத்தில், ஒரு வருஷத்துக்கு மேல் தண்டனை அனுபவிக்கும் கைதியின் வேட்புமனுவே செல்லாது என்று புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1875இன் விதி ஓட்டு எண்ணிய பிறகு கழித்தது. 1981இன் விதி எண்ணவே விடவில்லை.

மூர் 1880 வரை இருந்தார். அந்த வருஷப் பொதுத்தேர்தலில் டிப்பரேரி இரண்டு புது ஆட்களை அனுப்பியது. ஒருவர் ஜான் டில்லன், 1865இல் இதே தொகுதியில் ஜெயித்த பழைய கலகக்காரர் ஜான் பிளேக் டில்லனின் மகன். இன்னொருவர் பி. ஜே. ஸ்மித். 1853இல் டாஸ்மேனியாவுக்கே போய் ஜான் மிச்செலைத் தப்பிக்க வைத்தவர் இவர்தான். பட்டியலில் ஸ்டீபன் மூருக்கு அடுத்து வருவது இந்தப் பெயர்கள். 1885இல் தொகுதியை நான்காகப் பிரித்தார்கள்.