வலங்கைமான் வீட்டில் டிரிப் காபி மெஷின்

டிரிப் காபி மெஷின் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வாங்கலாம், ஆனால் கூட வரும் கையேட்டை நம்ப வேண்டாம். அதை எழுதியவர் பால் ஊற்றாத காபி குடிக்கிறவர் போலிருக்கிறது. அவர் சொன்ன அளவில் தண்ணீர் நிரப்பினால் ஜார் நிறையக் கறுப்புத் தண்ணீர் வரும். அதில் பால் சேர்த்தால் நிறம் மட்டும்தான் காபி.

வலங்கைமானிலிருந்து கும்பகோணம் பத்து கிலோமீட்டர் அளவுதான். நல்ல காபிக்குப் பேர் போன ஊர் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, இந்த வட்டாரத்து நாக்கை ஏமாற்றுவது கஷ்டம். முதல் நாள் வீட்டுப் பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை டபராவில் வைத்தவர், பிறகு தொடவே இல்லை.

மெஷினின் வேலை எளிமையானது. தொட்டியில் ஊற்றும் தண்ணீர் அடியிலுள்ள சூடேற்றும் குழாய்க்கு இறங்குகிறது. அங்கே கொதித்து எழும் குமிழிகள் சுடுதண்ணீரை மேலே தள்ளி, வடிகட்டிக் கூடையிலுள்ள தூள்மேல் சொட்ட விடுகின்றன. மோட்டார் கிடையாது. ரிப்பேருக்குப் பெரிதாக இடமில்லாத அமைப்பு. குறை இருப்பது வேகத்தில்தான். நம் ஃபில்டரில் தூளும் தண்ணீரும் நெடுநேரம் சேர்ந்திருக்கும். மெஷினில் தண்ணீர் வந்த சுருக்கில் இறங்கிவிடுகிறது.

அடுத்த சிக்கல் சிக்கரி. வறுத்த சிக்கரி தண்ணீரில் எளிதாகக் கரைந்து நிறமும் கெட்டியும் தரும். கூடவே ஊறி உப்பி வலையை அடைக்கும். சிக்கரி தாராளமாகக் கலந்த பொடியைப் போட்டபோது கூடை நிரம்பித் தூளோடு வழிந்து மேடையெல்லாம் கறை. இந்தியச் சட்டப்படி கலவைப் பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தை உறையில் அச்சிடவும் வேண்டும். அந்தச் சிறிய எழுத்தைப் படித்துவிட்டு 80:20 கலவையை வாங்குங்கள். வறுத்து அரைத்துத் தரும் கடையென்றால், வழக்கமான ஃபில்டர் தூளைவிட ஒரு சுற்று பெரிதாக, ரவைப் பதத்துக்கு அரைக்கச் சொல்லுங்கள்.

இனி, எங்கள் வீட்டில் படிந்த முறை. நான்கு பேருக்கு ஐந்து கரண்டி தூள், தண்ணீர் 200 மில்லிக்குச் சற்றுக் கூட. சுவிட்சைப் போட்டுத் தூள் முழுக்க நனைந்ததும் அணைத்துவிட வேண்டும். ஒரு நிமிஷம் ஊற விட்டு மறுபடி போட வேண்டும். இந்த ஒரு நிறுத்தத்தில் டிக்காஷன் ஆளே மாறிவிடுகிறது. இறங்கியதும் ஜாரைச் சூட்டுத் தட்டில் விட்டுவைக்காமல் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். தட்டிலேயே கிடந்தால் கருகல் கசப்பு ஏறும். பால் பாக்கெட்டானால் ஆவின் பச்சை (கொழுப்பு 4.5 சதவீதம்) போதும். நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம்தான், மெஷின் டிக்காஷனை அது தாங்காது.

இத்தனைக்குப் பிறகும் இரவே போட்டு வைத்த எவர்சில்வர் ஃபில்டரின் முதல் டிக்காஷனுக்கு இது இணையில்லை. மணம் முக்கால்வாசிதான். ஃபில்டர் சில நூறு ரூபாயில் முடிகிறது, கரண்டும் வேண்டாம். ஓட்டை அடைத்தால் அடுப்புத் தணலில் காட்டித் தட்டினால் சரி. அன்றாடம் இரண்டு பேர், மூன்று பேர் குடிக்கும் வீட்டுக்கு மெஷின் தேவையே இல்லை.

ஆனால் பங்குனியில் பாடைகட்டி மாரியம்மன் திருவிழா வரும்போது கதை வேறு. காவடி பார்க்க வரும் உறவுக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராகப் படியேறுவார்கள். ஃபில்டர் சொட்டும் வரை அவர்களை உட்கார வைக்க முடியாது. மெஷின் பத்து நிமிஷத்துக்கொரு ஈடு இறக்கிக் கொடுத்துவிடும். கல்யாண வீட்டுக்கும், துக்க வீட்டுக்கும், காலை ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கிறவர்களுக்கும் இதே கணக்கு.

போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் மாதம் ஒருமுறை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரை ஓடவிட்டு, பிறகு வெறும் தண்ணீரில் அலசுங்கள். குழாயில் உப்புப் படிந்தால் நீர் மேலே ஏறுவதற்குத் திணறும். நைலான் வலையை அன்றன்றே கழுவாவிட்டால் பழைய நெடி தங்கிவிடும். வாங்கும்போது, கண்ணாடி ஜார் உடைந்தால் தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டு, கிடைக்கும் என்றால் மட்டும் பில் போடச் சொல்லுங்கள்.